காடாம்புலியூருக்கு வரைபடத்தில் என்ன நிறம்?

உங்களுக்குத் தெரியுமா?

விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற சாலையில், பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே வருகிற ஊர் காடாம்புலியூர். சாலையோரத்தில் முந்திரியும் பலாவும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். இந்த வட்டாரத்தைக் கைபேசியில் நாலு வரைபடங்களில் திறந்து பாருங்கள். ஒன்றில் சுரங்கம் சாம்பல் நிறம், ஒன்றில் மண் நிறம், ஒன்றில் அப்படி ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. நிலம் அதேதான், உடுத்திவிட்டவர்கள்தான் வேறு. டிஜிட்டல் வரைபடத்தின் உடுப்பு விவகாரம் இந்த முறை.

கோப்புக்கு நிறம் கிடையாது

ஊர் எல்லை, சாலை, ஏரி போன்ற நிலத் தகவல்களைக் கைமாற்ற அலுவலகங்கள் இன்றும் அதிகம் புழங்குவது ஷேப்ஃபைல். அதில் வடிவம் இருக்கும், விவரம் இருக்கும், நிறம் இருக்காது. கோடு எவ்வளவு தடிமன், ஏரி நீலமா பச்சையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் அதுவாக ஏதோ ஒரு நிறத்தை எடுத்துப் பூசும். உங்கள் கணினியில் ஊதாவாக விழுந்த ஏரி பக்கத்து மேசையில் ஆரஞ்சாக விழும். இணைய வரைபடங்களில் பரவலாகப் பயன்படும் ஜியோஜேசன் கோப்பும் இதே ரகம். நிறமும் குறியீடும் தனியாக ஒரு ஸ்டைல் கோப்பில் இருக்கும். அதையும் சேர்த்து அனுப்பினால்தான் வரைபடம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். “நான் அனுப்பும்போது நல்லாத்தான் சார் இருந்தது” என்பது இந்தத் தொழிலில் அன்றாடம் கேட்கிற வசனம்.

மைல்கல்லில் மஞ்சள், திரையில் வேறு

காடாம்புலியூர் வழியே போவது தேசிய நெடுஞ்சாலை 36. பழைய எண் 45சி. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்திய நில அளவைத் துறையின் தாளில் சாலை என்றால் சிவப்பு. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான தோற்றத்தில் இதே சாலை வெளிர் செம்மஞ்சள். கூகுள் மேப்ஸோ 2023-ல் தன் சாலைகளைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிக்கொண்டது. பழகிய கண்கள் அதை ரசிக்கவில்லை, உலகம் முழுக்கப் புலம்பல் எழுந்தது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் கதை இன்னும் சுவையானது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் அது. ஆகவே சாலை நிறங்களும் அந்த நாட்டு வழக்கப்படியே அமைந்தன: முதல் தரச் சாலை நீலம், இரண்டாம் தரம் பச்சை, மூன்றாம் தரம் சிவப்பு. நீலச் சாலை ஆற்றோடு குழம்பியது. பச்சைச் சாலை காட்டுக்குள் மறைந்தது. 2015-ன் கடைசியில்தான் அதை மாற்றி, சிவப்பில் தொடங்கி ஆரஞ்சு வழியாக மஞ்சளில் முடியும் வரிசையைக் கொண்டுவந்தார்கள். இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளை அதில் இரண்டாம் தரமாகக் குறிப்பது வழக்கம். அதனால் அதுவரை எங்கள் 45சி பச்சைக் கோடுதான். முந்திரிக்காட்டுக்குள் பச்சைச் சாலை! யார் கண்ணுக்குத் தெரியும்?

அறுநூறு மீட்டர் அகலச் சாலை

இணைய வரைபடத்தில் பெரிதாக்கும் படிநிலைகளுக்கு எண் உண்டு. உலகம் முழுவதும் ஒரே சதுரத்தில் அடங்குவது 0. பத்தாம் நிலையில், காடாம்புலியூர் இருக்கும் கடலூர் மாவட்டத்தின் அட்சரேகையில், திரையின் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 150 மீட்டர். அந்த நிலையில் நெடுஞ்சாலையை 4 பிக்சல் தடிமனில் வரைந்தால், கணக்குப்படி சாலை 600 மீட்டர் அகலம்! நிஜத்தில் நான்கு வழிச்சாலைக்கு ஒதுக்கும் நிலமே பெரும்பாலும் 60 மீட்டருக்குள் அடங்கிவிடும். அளவு பிசகாமல் வரைந்தால் சாலை ஒரு பிக்சலில் பாதிகூட இருக்காது, கண்ணுக்கே தெரியாது. ஆக, எல்லா வரைபடமும் சாலையை ஊதிப் பெரிதாக்கித்தான் காட்டுகிறது. எந்தப் படிநிலையில் எவ்வளவு ஊதுவது என்பதை ஸ்டைல் எழுதுபவர் தீர்மானிக்கிறார்.

இன்னொரு தந்திரம். சாலையின் இரு ஓரத்திலும் மெல்லிய கரை தெரிகிறதே, அது தனியாக வரைந்தது இல்லை. முதலில் அடர்நிறத்தில் தடித்த கோடு ஒன்று. அதன்மேலேயே வெளிர்நிறத்தில் சற்று மெல்லிய கோடு. பிதுங்கி நிற்கும் விளிம்புதான் கரை.

சட்டென்று சில

திரை நிறங்களை ஆறு இலக்கக் குறியால் எழுதுகிறார்கள். அப்படி எழுதக்கூடிய நிறங்கள் மொத்தம் 1,67,77,216. ஒரு வரைபடத்தில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் கண் வலிக்கும்.

2012-ல் ஸ்டாமென் என்ற வடிவமைப்பு நிறுவனம் உலகம் முழுவதையும் நீர்வண்ண ஓவியம்போலத் தீட்டி வெளியிட்டது. 2021-ல் அமெரிக்காவின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. சாவகாசமாகப் பார்க்க அழகு. வழி கேட்டால் பதில் கிடைக்காது.

அதே 2012-ன் ஏப்ரல் முதல் தேதி, கூகுள் தன் வரைபடத்தைப் பழைய வீடியோ கேம் பாணியில் கட்டம் கட்டமாக மாற்றி ஊரை ஏமாற்றியது.

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத் தடங்கள் நீலமும் பச்சையும். இரண்டாம் கட்டத்துக்கு ஊதா, ஆரஞ்சு, சிவப்பு. தடத்தை நிறத்தின் பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டால் பிறகு வடிவமைப்பாளர் அதில் கைவைக்க முடியாது.

முன்பெல்லாம் நிறம் மாற்ற வாரக்கணக்கு

இணைய வரைபடம் சிறு சதுரங்களாக வருகிறது. டைல் என்பார்கள், பக்கத்துக்கு 256 பிக்சல். ஒவ்வொரு படிநிலைக்கும் எண்ணிக்கை நான்கு மடங்கு ஆகும். பதினெட்டாம் நிலையில் உலகத்துக்கு 6,871 கோடிக்கும் மேல் சதுரங்கள். ஒவ்வொன்றும் முன்பே தீட்டிவைத்த படமாக இருந்த காலத்தில், ஏரியின் நீலத்தைச் சற்று மாற்ற வேண்டுமென்றாலும் சேவையகம் எல்லாவற்றையும் திரும்பத் தீட்ட வேண்டும்.

பிறகு வெக்டர் டைல் வந்தது. படத்துக்குப் பதிலாக வடிவத் தகவல் மட்டும் உங்கள் கைபேசிக்கு வரும்; நிறம் பூசும் வேலை கைபேசியிலேயே நடக்கும். இரவு ஆனதும் வரைபடம் கறுப்பாக மாறுவது இதனால்தான் இவ்வளவு சுலபமாயிற்று. மேப்பாக்ஸ் நிறுவனம் இதில் முன்னோடி. 2020 டிசம்பரில் அது தன் மென்பொருளின் உரிமத்தை இறுக்கியபோது, பழைய திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பியதுதான் மேப்லிப்ரே. இலவசமாகச் சொந்த வரைபடம் செய்கிறவர்கள் பலர் இன்று அதன் பக்கம்.

நெய்வேலியை உடைத்த மென்பொருள்

இங்கேதான் தமிழருக்கு ஒரு வில்லங்கம். ‘நெய்வேலி’ என்பது நமக்கு 4 எழுத்து. கணினிக்கு 8 குறிகள். ‘ந’வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்ட கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும். ‘வே’யின் இரட்டைக் கொம்பையும் அப்படியே. ‘காடாம்புலியூர்’ 7 எழுத்து, 14 குறிகள். அதில் உகரம் ‘ப’வோடும், ஊகாரம் ‘ய’வோடும் ஒட்டி ஒரே வடிவமாக வேண்டும். இந்த ஒழுங்குபடுத்தலைச் செய்யும் தனி மென்பொருள் உண்டு. படமாகத் தீட்டும் பழைய முறையில் மேப்னிக் போன்ற கருவிகள் அதைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் புதிய வெக்டர் வகையில், எழுத்து வடிவங்களைக் குறிக்கு ஒன்றாகப் பிரித்து அடுக்கிவைத்து, வேண்டியதை எடுத்து வரிசையாக ஒட்டினார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ், இந்தி, கெமர், பர்மிய மொழிகளுக்குப் போதாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். அரபு மொழிக்குத் தனிச் செருகுநிரல் சீக்கிரமே வந்தது. இந்திய எழுத்துகள் வருடக்கணக்கில் காத்திருந்தன. புதிய தொழில்நுட்பம் என்று எதையாவது யாராவது கொண்டாடினால், அதில் ‘நெய்வேலி’ என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்; மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தமிழில் பெயர் வரவழைக்க வேறொரு காரியமும் செய்ய வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்குப் பல மொழிப் பெயர்களைத் தனித்தனியாகப் பதிந்து வைக்கலாம். “தமிழ்ப் பெயர் இருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் பொதுப் பெயரைக் காட்டு” என்று ஸ்டைல் கோப்பில் ஒரு வரி. அவ்வளவுதான். தமிழில் பெயரே பதியாத சிற்றூர்களுக்கு அந்த வரியால் பயனில்லை.

உங்கள் ஊர் ஏன் மறைகிறது?

வரைபடத்தைச் சுருக்கச் சுருக்கப் பண்ருட்டி நிற்கிறது, காடாம்புலியூர் காணாமல் போகிறது. ஓரவஞ்சனை மாதிரி தெரியும். கிராமம், நகரம் என்று தரவில் குறித்த தரத்தை வைத்து எது எந்தப் படிநிலையில் தோன்றலாம் என்று ஸ்டைல் சொல்கிறது. தோன்றிய பிறகும் போட்டி உண்டு: இரண்டு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பெரிய ஊர் ஜெயிக்கும். சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-ல் பெயர் வைக்கும் முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊர்ப்புள்ளிக்கு வலப்புறம் சற்று மேலே பெயர் நிற்பது நல்லது என்ற வழக்கத்துக்கு அதைத்தான் ஆதாரம் காட்டுவார்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்தால் பச்சைமேலும் படிக்கலாம், சாம்பல்மேலும் படிக்கலாம்.

வற்றிய ஆற்றுக்குக் கறுப்பு

இந்திய நில அளவைத் துறை 1767-ல் தொடங்கியது. அதன் தாள்களில் நிறத்துக்கு ஒழுங்கு உண்டு, பள்ளிக்கூடப் பூகோளப் பாடத்திலேயே வந்துவிடும்: மரம் மட்டை பச்சை, உழுத நிலம் மஞ்சள், குடியிருப்பு சிவப்பு, சம உயரக்கோடு பழுப்பு. தண்ணீருக்கு நீலம். ஆனால் எல்லா ஓடைக்கும் நீலம் கிடையாது. வருடம் முழுக்க நீரோடினால்தான் நீலம்; வற்றிக் கிடக்கும் ஓடைக்குக் கறுப்பு. வெயில் நாட்டுக்கு ஏற்ற யோசனை அது.

இணைய வரைபடங்களில் பெரும்பாலும் அந்த வித்தியாசம் இல்லை. பண்ருட்டியை ஒட்டிப் போகும் கெடிலம் சித்திரை வெயிலிலும் திரையில் நீலமாகத் தளும்பும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் “சில காலம் மட்டும் நீர்” என்று குறிக்க வழி இருக்கிறது. அப்படிக் குறித்த ஓடை விட்டுவிட்ட கோடாக வரும். குறிப்பதற்கு ஆள் வேண்டும். நூறு வருடப் பழைய மரபைக் கைவிட்டதில் நமக்கு நஷ்டம்தான் என்பது என் கட்சி. ஆற்று மணல் பிரச்சினை உள்ள மாவட்டத்துக்கு, ஆற்றை எப்போதும் நிறைந்ததாகக் காட்டும் வரைபடம் எதற்கு?

முந்திரிக்காடு சிவப்பாகும்போது

செயற்கைக்கோள் படங்களில் ஒரு வகை உண்டு: செடி கொடி எல்லாம் ரத்தச் சிவப்பாக இருக்கும். நோய் இல்லை, வேண்டுமென்றே செய்வது. பச்சை இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மிக வலுவாகத் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்குக் காட்ட வேண்டுமே, அதனால் அந்தக் கதிருக்குச் சிவப்பு நிறத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களின் படங்களைப் பெரும்பாலும் இப்படித்தான் பார்ப்பார்கள். செழித்த தோப்பு அடர்சிவப்பு. இலை காய்ந்தால் சிவப்பு வெளுக்கும்.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி வட்டார முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்கள் ஒரே காலையில் போயின. இப்படியொரு சேதத்தைத் தரையில் நடந்து கணக்கெடுக்க மாதங்கள் ஆகும். புயலுக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் எங்கே சிவப்பு போயிற்று என்று தெரிந்துவிடும்.

இந்தப் படத்தில் ஒரு பொறியும் உண்டு. தண்ணீர் கறுப்பாகத் தெரியும். நிலக்கரியும் கறுப்பாகத் தெரியும். சுரங்கக் குழியில் தேங்கிய நீர் எது, வெட்டத் திறந்துவைத்த கரி எது என்று நிறத்தை மட்டும் நம்பிச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். நெய்வேலி டவுன்ஷிப் மரம் சூழ்ந்த ஊர் என்பதால் நகரம் என்றே தோன்றாமல் செக்கச்செவேலென்று கிடக்கும்.

முந்திரிக்கு எந்த வகை?

உடுப்பு சரியாக இருக்க வேண்டுமானால் வகைப்படுத்தல் சரியாக இருக்க வேண்டும். முந்திரித் தோப்பை ஒருவர் ‘பழத்தோட்டம்’ என்று பதிந்தால் பச்சைமேல் வரிசைப் புள்ளிகள் வரும். இன்னொருவர் ‘காடு’ என்று பதிந்தால் அடர்பச்சை. மூன்றாமவர் ‘புதர்’ என்பார். நாமே முந்திரிக்காடு என்றுதானே சொல்கிறோம், யாரைக் குறை சொல்ல?

இஸ்ரோ 2009-ல் தொடங்கிய புவன் தளத்தில் நிலப் பயன்பாட்டு அடுக்கைத் திறந்தால், தோப்பு வேளாண்மைக் குடும்பத்தில் தனி வகையாக வரும். சுரங்கம் எந்தக் குடும்பம் தெரியுமா? கட்டடப் பகுதி. நகர்ப்புறக் கட்டடம், கிராமப்புறக் கட்டடம், அடுத்து சுரங்கம். மனிதர் கைபட்டு உருமாறிய நிலம் என்ற கணக்கு. அந்த மூன்றையும் ஒரே நிறத்தில் சேர்த்துக் காட்டும் சுருக்கப் படத்தில் நெய்வேலிச் சுரங்கம் ஒரு மாநகரம் மாதிரி விரியும்.

மண்ணுக்கு அடியில் எல்லாம் மஞ்சள்

நிலவியல் வரைபடத்தில் நிறம் பாறையின் வயதைச் சொல்லும். 1881-ல் இத்தாலியின் போலோனாவில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில் இந்த ஒழுங்குக்கு அடிபோட்டார்கள். ஜுராசிக் நீலம், கிரெட்டேஷியஸ் பச்சை, டெர்ஷியரி மஞ்சள். பண்ருட்டி – நெய்வேலி மேட்டுநிலத்தின் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்ற டெர்ஷியரிப் படிவம். ஆகவே அந்த ஒழுங்கில் தீட்டினால் காடாம்புலியூர் மஞ்சள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவையும் இதே மணற்கல்லில்தான்.

இருபத்தைந்து வயதுக் குழி

1957 மே 20 அன்று நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அன்றிலிருந்து குழி நகர்ந்துகொண்டே இருக்கிறது; முன்னே வெட்டுவதும், பின்னே மண் கொட்டி மூடுவதும்தான் திறந்தவெளிச் சுரங்கத்தின் முறை. கொட்டிய மண் மேடுகள் தட்டையான இந்த மாவட்டத்தில் குன்றுகளாக நிற்கின்றன.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல வரைபடங்களின் மலைநிழலும் சம உயரக்கோடும் எங்கிருந்து வருகின்றன? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த தரவிலிருந்து. ஓபன்டோப்போமேப் பயன்படுத்துவதும் அதைத்தான். இமயமலை இருபத்தைந்து வருடத்தில் இடம் மாறாது, நெய்வேலியில் மாறிவிட்டது. 1ஏ சுரங்கம் செயல்பாட்டுக்கு வந்ததே 2003-ல். அதனால் பழைய தரவின்மேல் எவ்வளவு அழகாக நிழல் பூசினாலும், திரையில் தெரியும் பள்ளம் 2000-ம் ஆண்டுப் பள்ளம். சாலையும் கட்டடமும் இந்த வருடத்தவை, பள்ளம் மட்டும் போன தலைமுறை. இரண்டும் ஒரே படத்தில், ஒரே பளபளப்போடு. தரவு எந்த வருடத்தது என்பதைக் குறிவிளக்கத்தில் எழுதுவது அபூர்வம். அழகு கூடக்கூட அது இன்னும் அபூர்வமாகிறது. இன்றைய குழியைப் பார்க்க ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. ஒரே இடத்தை 10 மீட்டர் நுணுக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை எடுக்கிறது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

மூன்று கோடு, ஒரே சாம்பல்

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திறந்தவெளிச் சுரங்கத்துக்குத் தனி வகை கிடையாது. கல்குவாரியும் நிலக்கரிச் சுரங்கமும் ஒரே குறிச்சொல். வரும் நிறம் சாம்பல். ஆனால் சுரங்கப் பகுதி மக்களுக்குக் குறைந்தது மூன்று எல்லைகள் முக்கியம்: சுரங்கக் குத்தகை எல்லை, கையகப்படுத்திய நிலம், தோண்டிய குழி. முதலாவதில் இன்னும் வீடும் வயலும் இருக்கலாம். இரண்டாவதில் பயிர் நிற்கலாம். மூன்றாவதில் ஒன்றும் இல்லை.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நெய்வேலிச் சுரங்க நிறுவனத்துக்காகக் கால்வாய் வெட்ட வந்த மண்வெட்டி இயந்திரங்கள் கதிர் பிடிக்க இருந்த நெல்வயலுக்குள் இறங்கின. பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த நிலம் என்றது நிறுவனம். பயிர் நிற்கிறதே என்றார்கள் விவசாயிகள். ஒருவர் கையில் இருந்த வரைபடத்தில் அது சுரங்க நிலம்; வானிலிருந்து பார்த்தால் பச்சை வயல். இரண்டையும் ஒரே தாளில் காட்ட முடியாதா? தாராளமாக முடியும். குத்தகைக்கு விட்டுவிட்ட கோடு, கையகத்துக்குச் சாய்கோட்டு நிரப்பு (அடியில் இருக்கும் பயிர்ப்பச்சை இடுக்கில் தெரியும்), குழிக்கு மட்டும் முழு நிறம். எந்த மென்பொருளிலும் சில நிமிட வேலை. மூன்றுக்கும் ஒரே சாம்பலைப் பூசிவிட்டால், இன்னும் தோண்டாத ஊர் ஏற்கெனவே போய்விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. படம் போடும் பத்திரிகைகளும் இதைக் கவனிப்பதில்லை.

ஆறு கிராமம், இரண்டு படம்

ஆறு கிராமங்களின் முந்திரிப் பரப்பு 20, 30, 40, 50, 60, 400 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வெளிர், அடர் என்று இரண்டே நிறம். ‘சம இடைவெளி’ முறையில் பிரித்தால் 210-ல் வெட்டு விழும்: ஐந்து கிராமம் வெளிர், ஒன்று மட்டும் அடர். ‘சம எண்ணிக்கை’ முறையில் மூன்றுக்கு மூன்று. இரண்டு படமும் பொய் இல்லை. எந்த முறை என்று சொல்லாமல் விடுவதுதான் தில்லுமுல்லு. இப்படி நிழல் அடர்த்தியால் புள்ளிவிவரம் காட்டும் முதல் படத்தை 1826-ல் பிரான்ஸின் சார்ல்ஸ் தூப்பேன் வெளியிட்டார். விஷயம், எந்தப் பகுதியில் எவ்வளவு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது.

சிவப்பு, பச்சை ஜோடி வேண்டாம்

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நம் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் என்ற இலவசக் கருவி, இவர்களுக்கும் ஒத்துவரும் நிற வரிசைகளைப் பரிந்துரைக்கும். கியூஜிஐஎஸ்ஸிலும் அவை சேர்ந்தே வருகின்றன. வானிலைத் துறையின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளில் நிறத்தோடு வார்த்தையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சிவப்பு எப்படி நீலமாயிற்று?

கூகுள் எர்த்தில் திறக்கும் கேஎம்எல் கோப்பில் நிறக் குறியைத் தலைகீழாக எழுத வேண்டும். இணையத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்பது வரிசை. 990000 என்றால் அடர்சிவப்பு. கேஎம்எல்லில் முதலில் ஒளிபுகாமை, பிறகு நீலம், பச்சை, கடைசியில் சிவப்பு. பாதி ஒளி ஊடுருவும் அதே அடர்சிவப்பு அங்கே 80000099. வரிசை தெரியாமல் 80990000 என்று எழுதினால் சுரங்கம் நீல ஏரியாகிவிடும்.

சென்னைத் தெருவைத் தொட்டால் நிறம் மாறும்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஒரு சென்னை வரைபடத்தை இணையத்தில் வைத்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தக் கோட்டைச் சொடுக்க வேண்டியதுதான். தெரு நிறம் மாறி எல்லோருக்கும் தெரியும். புதிதாக எதையும் வரையவில்லை. இருந்த தெருக்களின் நிறத்தை மாற்றும் உரிமையை ஜனங்களிடம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன.

எல்லைக்கோட்டில் விளையாடக் கூடாது

இந்தியாவுக்குள் இருந்து கூகுள் மேப்ஸைத் திறந்தால் காஷ்மீர் எல்லை அழுத்தமான ஒரே கோடு. வெளிநாட்டிலிருந்து திறந்தால் புள்ளிக்கோடு. நம் நாட்டில் எல்லையை இந்திய நில அளவைத் துறை வெளியிட்டபடிதான் காட்ட வேண்டும். மாற்றி வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்போ களத்தில் யார் கட்டுப்பாடு இருக்கிறது என்பதைப் பார்த்து வரைகிறது. ஆகவே அதை அடித்தளமாக வைத்து இந்தியா முழுவதையும் காட்டும் படம் செய்கிறவர்கள் அந்தக் கோட்டை மறைத்துவிட்டு, அதிகாரபூர்வ எல்லையை மேலே போடுகிறார்கள். காடாம்புலியூர் அளவில் செய்கிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

நீங்களே செய்ய

கணினி அதிகம் தெரியாதவருக்குக் கூகுள் மை மேப்ஸ் போதும். ஒரு படத்தில் 10 அடுக்குகள்வரை. புள்ளிக்கு ஐகான், கோட்டுக்குத் தடிமன், பரப்புக்கு நிறம் மாற்றலாம். திருமண அழைப்பிதழுக்கு வழிப்படம் போட இது தாராளம். இன்னும் ஆழமாகப் போகிறவர்கள் கியூஜிஐஎஸ் பக்கம் வர வேண்டும்; 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது, இன்றும் காசில்லை. அதில் ‘விதிப்படி’ என்ற வசதி உண்டு: நெய்வேலி டவுன்ஷிப்பின் வட்டங்களில் பள்ளி உள்ளவற்றை மட்டும் மஞ்சளாக்கு, பெரிதாக்கினால் மட்டும் பெயரைக் காட்டு என்றெல்லாம் நிபந்தனை போடலாம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து எந்த நிறத்தில் வேண்டுமானாலும் தீட்டி விற்கவும் செய்யலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. முக்கிய நிபந்தனை, தரவு ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுடையது’ என்று படத்தில் குறிப்பிட வேண்டும். அச்சில் என்றால் மூலையில் பொடி எழுத்தில் இருந்தாலும் சரி. பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்தின் பின்பக்கம் தோப்பு இருக்கும் இடத்தைக் காட்டப் போடுகிற தீப்பெட்டி அளவுப் படத்துக்கும் இது பொருந்தும்.